ரோபோவின் மேல்தட்டில் உபுண்டுவா, பை ஓஎஸ்ஸா?

சக்கரம் மாட்டியாயிற்று, மோட்டார் சுற்றுகிறது, பேட்டரிக்கும் இடம் கிடைத்துவிட்டது. மேல்தட்டில் ஒரு சின்னக் கணினி உட்கார்ந்திருக்கிறது. அதில் எந்த இயங்குதளத்தை ஏற்றுவது என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அவரவர் மேசைக் கணினியில் எது ஓடுகிறதோ அதுதான் பதிலாக வரும். ரோபோவோ மேசைக் கணினி இல்லை. அதற்குத் திரை கிடையாது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார். மின்சாரம் எந்த நொடியில் போகும் என்று சொல்ல முடியாது. நிரல் தடுமாறினால் பிழைச் செய்தி வருவதற்கு முன்பே நாற்காலிக் காலில் போய் இடித்திருக்கும்.

என்னுடைய இரு சக்கர ரோபோவின் எஸ்டி கார்டை மூன்று முறை முழுதாக அழித்து எழுதியிருக்கிறேன். அந்த மூன்று முறையும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

பை ஓஎஸ், உபுண்டு: பங்காளிச் சண்டை

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் போர்டு வைத்திருப்பவருக்கு நிஜமான போட்டி, அதன் சொந்த இயங்குதளமான பை ஓஎஸ்ஸுக்கும் உபுண்டுவுக்கும் நடுவில்தான். இரண்டுமே டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வழி வந்தவை. மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளை இரண்டிலும் ஒன்றுதான், கோப்புறைகளின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டச்சு செய்தால் எதில் இருக்கிறோம் என்றே தெரியாது. வித்தியாசம் இரண்டு இடங்களில் வெடிக்கிறது. வன்பொருளைத் தொடும்போது பை ஓஎஸ் ஜெயிக்கிறது. ரோபோ மென்பொருளைத் தொடும்போது உபுண்டு ஜெயிக்கிறது.

முதலில் வன்பொருள். ரிப்பன் கேபிளில் மாட்டும் பை கேமரா, பை ஓஎஸ்ஸில் செருகியதும் வேலை செய்யும். பைகேமரா2 என்ற பைத்தான் லைப்ரரி அதிலேயே கைக்குக் கிடைக்கும். உபுண்டுவில் அதே கேமராவை எழுப்ப, ராஸ்பெரி பை நிறுவனம் பராமரிக்கும் லிப்கேமரா என்ற கேமரா மென்பொருளின் தனிப் பதிப்பை எடுத்து, மூலநிரலிலிருந்து நாமே கட்ட (கம்பைல் செய்ய) வேண்டி வரலாம். யூஎஸ்பி கேமரா என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை, இரண்டிலும் ஓடும்.

வெளிக் கம்பிகளைச் செருகும் பின்கள் விஷயத்தில் ஒரு பொதுவான பொறி இருக்கிறது. பை 5-இல் பின்கள் பிரதான சில்லில் இல்லை, ஆர்பி1 என்ற தனிச் சில்லில் தொங்குகின்றன. அதனால் பழைய பாடங்கள் எல்லாவற்றிலும் வரும் ஆர்பிஐ.ஜிபிஐஓ, பிக்பியோ என்ற இரண்டு பின் லைப்ரரிகளும் அங்கே வேலை செய்யாது. எல்ஜிபிஐஓ அல்லது அதன் மேல் உட்காரும் ஜிபிஐஓ ஜீரோவுக்கு மாற வேண்டும். இயங்குதளத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஒரு மாலைப் பொழுதை வீணடித்தவன் நான். எதை ஏற்றினாலும் பின் அதே சில்லில்தானே இருக்கப்போகிறது.

இப்போது மென்பொருள். ரோபோ ஆபரேட்டிங் சிஸ்டம், சுருக்கமாக ராஸ், என்பது பெயரில் மட்டும்தான் இயங்குதளம். உண்மையில் அது லினக்ஸின் மேல் ஓடும் நிரல்களையும் செய்திப் பரிமாற்ற வழிகளையும் கொண்ட தொகுப்பு. வரைபடம் போடுவது, வழி கண்டுபிடிப்பது, லேசர் ஸ்கேனரைப் படிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஆயத்தப் பொட்டலம் உண்டு. உங்கள் ரோபோ கோட்டைப் பின்தொடர்ந்து போனால் போதும் என்றால் ராஸ் வேண்டவே வேண்டாம். அறையை வரைபடமாக்கி, இங்கிருந்து அங்கே தானாகப் போக வேண்டும் என்றால் அது இல்லாமல் எழுதுவது வீண் பிடிவாதம்.

ராஸின் இப்போதைய தலைமுறையான ராஸ் 2-இன் ஒவ்வொரு நீண்டகாலப் பதிப்பும் ஒரு குறிப்பிட்ட உபுண்டு பதிப்போடு தாலி கட்டியது போல. ஹம்பிள் என்ற பதிப்பு என்றால் உபுண்டு 22.04, ஆதரவு 2027 மே வரை. ஜாஸி என்றால் 24.04, ஆதரவு 2029 மே வரை. இந்த ஜோடிகளில் ஏபிடி மூலம் சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். டெபியனுக்கு மூன்றாம் நிலை ஆதரவுதான், அதாவது மூலநிரலை எடுத்து நாமே கம்பைல் செய்ய வேண்டும். பை போர்டிலேயே அதைச் செய்தால் மணிக்கணக்கில் ஓடும். 2 ஜிபி நினைவகம் உள்ள போர்டில் பாதி வழியில் நினைவகம் போதாமல் செத்தும் போகும்.

ஜோடிப் பொருத்தத்தில் ஒரு சிக்கல். இணையத்தில் கிடைக்கும் ராஸ் 2 பாடங்களில் ஏராளமானவை ஹம்பிளுக்கு எழுதப்பட்டவை. ஆனால் உபுண்டு 22.04 பை 5-இல் பூட் ஆகாது. ஆக, கையில் பை 5 இருந்தால் 24.04-உம் ஜாஸியும்தான் நேரான வழி. பாடத்தில் வரும் கட்டளைகளை அங்கங்கே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இடைவழி ஒன்றும் உண்டு. பை ஓஎஸ்ஸை அடியில் வைத்து, ராஸை மட்டும் டாக்கர் கண்டெய்னரில், அதாவது உள்ளே தனி அறை போல ஒதுக்கிய இடத்தில், ஓட்டலாம். கேமராவும் பின்களும் வெளியே சொன்னபடி கேட்கும், வரைபட வேலை உள்ளே நடக்கும். கண்டெய்னருக்கு வெளியிலுள்ள கணினியின் நெட்வொர்க்கையே (ஹோஸ்ட் நெட்வொர்க்) கொடுக்க மறந்தால் மட்டும் ராஸ் நிரல்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்காமல் திணறும். வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் ஏதாவது ஓடாதபோது பிழை வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று தேட இரண்டு இடம் ஆகிவிடுகிறது. முதல் ரோபோவிலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பூட் ஆகும் நேரமும் அழைக்காமல் வரும் விருந்தாளியும்

உபுண்டு சர்வர் பெயருக்கேற்றபடி சர்வருக்காகச் செய்யப்பட்டது. நெட்வொர்க் வரும் வரை பூட் ஆவதை நிறுத்திவைக்கும் ஒரு சேவை அதில் உண்டு. கேபிள் மாட்டாத ரோபோவில் அது இரண்டு நிமிடம் வரை சும்மா காத்திருக்கக்கூடும். திரை இல்லாததால் நமக்கு என்ன நடக்கிறது என்றும் தெரியாது. போர்டு செத்துவிட்டது என்று நினைத்து நான் மின்சாரத்தைப் பிடுங்கி, அதனாலேயே கார்டைக் கெடுத்துக்கொண்டேன். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் அந்தச் சேவையை முடக்கிவிட்டால் போதும்.

அடுத்தது தானியங்கிப் புதுப்பிப்பு. உபுண்டு சர்வரில் அது இயல்பாகவே இயங்கும். சர்வருக்கு நல்ல பழக்கம்தான். ரோபோ கூடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் பொட்டலங்களை இறக்கி விரித்தால் கார்டும் செயலியும் மூச்சுத் திணறும், சக்கரம் தயங்கும். பை ஓஎஸ் இந்த விஷயத்தில் வாயைத் திறக்காது, நாம் சொன்னால்தான் புதுப்பிக்கும்.

நேரக் கணக்கும் ஒன்று உண்டு. பை 4-இல் கடிகாரச் சில்லே இல்லை. பை 5-இல் உண்டு, ஆனால் அதற்குத் தனி பேட்டரி மாட்ட வேண்டும். வைஃபை கிடைத்ததும் நேரம் திடீரெனத் தாவினால், நேர முத்திரையை நம்பி ஓடும் ராஸ் நிரல்கள் குழம்பிப் போகும். இது இரண்டு இயங்குதளத்துக்கும் பொதுவான தலைவலி.

மின்சாரம் போனால்

ரோபோவை யாரும் முறையாக ஷட் டவுன் செய்வதில்லை. பேட்டரி இறங்கும், அல்லது சுவிட்சைத் தட்டுவோம். எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் கார்டில் கோப்பு அமைப்பு சிதையலாம். பை ஓஎஸ்ஸில் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் பட்டியலிலேயே ஓவர்லே அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் கார்டு படிக்க மட்டும் என்றாகி, மாற்றங்கள் எல்லாம் நினைவகத்தில் எழுதப்பட்டு, அணைத்ததும் மறைந்துவிடும். உபுண்டுவிலும் ஓவர்லேரூட் பொட்டலம் கொண்டு இதையே செய்யலாம், கொஞ்சம் கைவேலை அதிகம். இந்த ஒரு புள்ளியில் பை ஓஎஸ்ஸுக்கு முழு மதிப்பெண்.

பில்ட்ரூட் அல்லது யோக்டோ என்ற கருவி கொண்டு நமக்கு நாமே ஒரு குட்டி லினக்ஸ் செய்துகொள்ளலாமே என்று ஒரு கட்சி உண்டு. சில நொடிகளில் பூட் ஆகும், தேவையில்லாத எதுவும் இருக்காது. ஆனால் புதிதாக ஒரு லைப்ரரி வேண்டுமென்றால் முழுப் படிமத்தையும் மறுபடி கட்ட வேண்டும். தினமும் ஏதாவது மாற்றிக்கொண்டே இருக்கும் வீட்டு ரோபோவுக்கு இது சரிப்படாது.

ஜெட்சன் என்றால் பேச்சே இல்லை

என்விடியா ஜெட்சன் போர்டு வாங்கியவருக்குத் தேர்வு செய்ய எதுவும் இல்லை. என்விடியா தரும் ஜெட்பேக் என்ற மென்பொருள் தொகுப்பு எந்த உபுண்டுவோடு வருகிறதோ அதுதான். கிராஃபிக்ஸ் சில்லைக் கணக்கு வேலைக்குப் பயன்படுத்தும் குடா வேண்டுமென்றால் அதிலிருந்து விலக முடியாது. பழைய ஜெட்சன் நானோ உபுண்டு 18.04-லேயே நின்றுபோனது. ஓரின் வரிசைக்கான ஜெட்பேக் 6, 22.04-இல் இருக்கிறது, அதனால் ஹம்பிள் அங்கே நேராகப் பொருந்தும். அரிதாகப் பேசப்படும் மற்ற சீனப் போர்டுகளில் ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விண்டோஸும் ஆண்ட்ராய்டும் முடியாதவை அல்ல. பழைய கைபேசியில் கேமரா, கைரோ, பேட்டரி எல்லாம் ஒன்றாகவே இருப்பதால், அதையே மூளையாக வைப்பது கெட்டிக்காரத்தனமும்கூட. மோட்டாரோடு பேச எப்படியும் இன்னொரு போர்டு வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இன்னொரு போர்டு

இதுவரை சொன்ன எதுவும் மோட்டாரை நேரத்துக்கு இயக்கும் என்று உறுதி தராது. சொன்ன கோணத்தில் நிற்கும் மோட்டாரான சர்வோவுக்கு 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுமார் 1 முதல் 2 மில்லிசெகண்ட் நீளத் துடிப்பு போக வேண்டும். மென்பொருளால் அதைக் கொடுக்கும் லினக்ஸ், நடுவில் வேறு வேலை வந்தால் சற்றே தாமதிக்கும், சர்வோ நடுங்கும். சக்கரம் சுற்றுவதை அளக்கும் என்கோடர் சுற்றுக்கு 1000 துடிப்பு தந்து, நொடிக்கு இரண்டு சுற்று ஓடினால் 2000 துடிப்பு. பைத்தானில் எண்ணினால் சில தவறும். ரோபோ தான் எங்கே நிற்கிறோம் என்பதை மெல்ல மெல்ல மறக்கும்.

நேரம் தவறாமல் வேலை செய்யும் ரியல்டைம் கர்னல் (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) போட்டால் தீருமா? அதற்கான பிரீம்ப்ட் ஆர்டி 2024-இல் லினக்ஸ் 6.12-இல் பிரதான கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. தாமதம் வெகுவாகக் குறையும். ஆனால் கர்னல் உறைந்துபோனால் சக்கரம் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க லினக்ஸுக்கு வெளியே ஒருவர் வேண்டும். பை பிக்கோவோ இஎஸ்பி32-ஓ, ஏதாவது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (குட்டிக் கட்டுப்பாட்டுச் சில்லு) போர்டு போதும். அரை நொடி மேலிருந்து கட்டளை வரவில்லையென்றால் மோட்டாரை நிறுத்து என்று அதில் நாலு வரி எழுதிவிடலாம். இஎஸ்பி32-ஐ ஆர்டுயினோவில் பயன்படுத்துபவர்கள் பலருக்கும் தெரியாது, அடியில் ஏற்கெனவே ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற குட்டி ரியல்டைம் இயங்குதளம்தான் ஓடுகிறது. அதே வகையைச் சேர்ந்த செஃபைரும் நல்லதுதான், ஆனால் கற்றுக்கொள்ளும் ஏற்றம் செங்குத்து. ராஸோடு நேராகப் பேச வேண்டுமென்றால் மைக்ரோகன்ட்ரோலருக்கான மைக்ரோ-ராஸ் இருக்கிறது. எனக்குச் சீரியல் கம்பியில் ஒரு வரிச் செய்தியே போதுமாக இருந்தது.

செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரிலும் இதே பிரிவினைதான். 2021 ஏப்ரல் 19-இல் முதலில் எழும்பி, 2024 ஜனவரிக்குள் 72 முறை பறந்தது. கேமராப் படங்களைப் பார்த்து வழி கணித்தது ஸ்னாப்டிராகன் 801 என்ற கைபேசிச் சில்லில் ஓடிய லினக்ஸ். இறக்கையைப் பிடித்து வைத்திருந்தது தனி மைக்ரோகன்ட்ரோலர்கள். அதற்காக ரியல்டைம் என்ற பெயரையே கவசமாக நம்பவும் கூடாது. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர், விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ரியல்டைம் இயங்குதளத்தில்தான் ஓடியது. அவசரமில்லாத ஒரு பணி, பொதுவான தகவலுக்குப் போட்ட பூட்டைத் தன் கையில் பிடித்துக்கொண்டிருக்க, அவசரப் பணி அதற்காகக் காத்துக் கிடந்து, அந்த விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது.

இப்போது என் ரோபோவில் மேல்தட்டில் உபுண்டு சர்வர் 24.04, ஜாஸி, யூஎஸ்பி கேமரா. கீழ்த்தட்டில் பிக்கோ. என்றைக்காவது ரிப்பன் கேமரா மாட்ட ஆசை வந்தால் பை ஓஎஸ் லைட்டுக்குப் போய், ராஸைக் கண்டெய்னரில் அடைத்துவிடுவேன். கார்டை நான்காவது முறையாக அழிக்க வேண்டியிருக்கும், சரி. கீழ்த்தட்டு நிரலில் ஒரு வரிகூட மாறாது.