முகச் சிவப்போடு ஊட்டி, குன்னூர் போகிறவர்களுக்கு: மருந்துக்கடையில் என்ன கிடைக்கும், எதைத் தொடக்கூடாது

ரோசேசியா, அதாவது முகம் அடிக்கடி சிவந்து எரியும் தோல் நோய் உள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து நீலகிரி ஏறினால் ஓரிரு நாளிலேயே கன்னமும் மூக்கும் காந்த ஆரம்பித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. காற்று சில்லென்று இருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது. வெளியே குளிர், அறைக்குள் ஹீட்டர், கையில் ஆவி பறக்கும் டீ என்று மாறி மாறி வரும்போது முகத்து ரத்தக் குழாய்கள் விரிந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு நீலகிரித் தைலம். லேசாகத் தும்மினால் போதும், கொதிநீரில் தைலத்தை விட்டு, போர்வையைப் போர்த்தி ஆவி பிடிக்கச் சொல்வார்கள் வீட்டுப் பெரியவர்கள். சூடும் தைலமும் சேர்ந்து முகத்தில் அடிக்கும் இந்த வைத்தியத்தைவிட ரோசேசியாவுக்குக் கெடுதலானது வேறில்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும் என்று பக்குவமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். தனியாரில் சில தோல் டாக்டர்கள் கோவையிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் மட்டும் மலையேறி வருகிறார்கள். போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. நம் மாநிறத்தில் இந்தச் சிவப்பு, சிவப்பு நிறமாகத் தெரியாது. பழுப்பாக, கருத்துப்போன மாதிரி, சில சமயம் வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். அதனால் மங்கு என்றோ அலர்ஜி என்றோ முடிவாகிவிட வாய்ப்புண்டு. "சிவக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்தாமல், எரிச்சல், குத்தல், சூடாக எதையாவது குடித்தால் எத்தனை நிமிடம் காந்துகிறது என்பதையும் சொல்லுங்கள். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் எடுத்த காலை, மாலைப் படங்கள் கையில் இருக்கட்டும். கண்ணாடித் துண்டால் கன்னத்தை அழுத்தினால் நிறம் வெளுத்துத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது பழைய சோதனைதான், ஆனால் மாநிறத்தில் நன்றாகவே உதவும்.

டாக்டரிடம் போகாமல் நேராக மருந்துக்கடைக்குப் போனால்தான் ஆபத்து. "நல்லா கேக்குங்க அக்கா, ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்" என்று நீட்டப்படும் டியூபின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்திருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு முதல் வாரம் சிவப்பை அமுக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் வெளியே தெரியும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த ஸ்டீராய்டு கிரீம்களை விற்கக்கூடாது என்று 2018-லேயே விதி இறுக்கப்பட்டது. கவுன்டரில் அந்த விதி எந்த அளவுக்கு நடக்கிறது என்பது நமக்குத் தெரியாததல்ல.

சரி, சிவப்புக்கென்றே வந்த புது மருந்துகள்? இரண்டு இருக்கின்றன. பிரிமோனிடின் 0.33% ஜெல் அமெரிக்காவில் 2013 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. ஆக்ஸிமெட்டாசோலின் 1% கிரீம் 2017 ஜனவரியில். முன்னது ஆல்ஃபா-2 ஏற்பியையும் (ஏற்பி என்பது செல்லில் மருந்து ஒட்டும் இடம்), பின்னது முக்கியமாக ஆல்ஃபா-1ஏ ஏற்பியையும் தூண்டி, தோலின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. பிரிமோனிடின் அரை மணியில் வேலையைத் தொடங்கி, மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இரண்டுமே நோயைக் குணப்படுத்துவதில்லை, நிரந்தரமாகத் தங்கிய சிவப்பை அன்றைய பொழுதுக்கு மறைக்கின்றன. பருக்களுக்குப் பயனில்லை. நூல்போலத் தெரியும் குழாய்களுக்கும் பயனில்லை, அவற்றுக்கு லேசர்தான். திடீரென்று குப்பென்று ஏறும் சிவப்புக்கு இவை அனுமதிக்கப்படவும் இல்லை.

இங்கேதான் மருந்து தயாரிப்பவர்கள் திணறுகிறார்கள். குப்பென்று ஏறி இருபது நிமிடத்தில் இறங்கிவிடுகிற ஒன்றை ஆய்வில் எப்படி அளப்பது? தங்கிய சிவப்புக்கு 0 முதல் 4 வரை டாக்டர் ஒரு மதிப்பெண், நோயாளி ஒரு மதிப்பெண். இரண்டிலும் இரண்டு படி குறைந்தால்தான் வெற்றி. அந்த அளவுகோலில் பிரிமோனிடின் 29-ஆம் நாளில், பூசிய மூன்றாவது மணியில், நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு வேலை செய்தது. மருந்தே இல்லாத வெறும் ஜெல்லிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறினார்கள். மருந்தைக் கலக்கும் அந்த வெறும் ஜெல்லும் கவனிக்க வேண்டியதுதான். அதில் ஆல்கஹால், மென்தால், வாசனை எது சேர்ந்தாலும் ரோசேசியாத் தோல் எரியும். மருந்து மேல்தோலைத் தாண்டி இறங்கவும் வேண்டும், ரத்தத்தில் அதிகம் கலந்து நாடித்துடிப்பைக் குறைக்கவும் கூடாது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலோர் வெள்ளைத் தோல்காரர்கள், சிவப்பைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். நம் நிறத்துக்கு அந்த அளவுகோல் அப்படியே பொருந்தும் என்று நம்ப எனக்கு மனமில்லை.

மலைக்கடைகளில் பிரிமோனிடின் என்றால் கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்தையும், ஆக்ஸிமெட்டாசோலின் என்றால் மூக்குச் சொட்டையும்தான் எடுத்துத் தருவார்கள். "ரெண்டும் ஒரே மருந்துதானே" என்று அதை முகத்தில் தடவிப் பார்க்காதீர்கள். மூக்குச் சொட்டு 0.05%, கிரீமின் பலத்தில் இருபதில் ஒரு பங்கு. கண் சொட்டு 0.2%, இது மருந்தின் உப்பு வடிவக் கணக்கு. ஜெல்லின் 0.33%-ஐ அதே உப்பு வடிவில் கணக்கிட்டால் 0.5%, ஆக பாதி பலம்கூட இல்லை. இரண்டும் தண்ணீர்போல வழிந்தோடும். பல சொட்டுகளில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு தோலை எரிக்கவும் செய்யும். காசுக்கும் கேடு, கன்னத்துக்கும் கேடு.

அசெலாயிக் ஆசிட், மெட்ரோனிடசோல் ஜெல் இரண்டும் எளிதில் கிடைக்கும். ஐவர்மெக்டின் 1% கிரீம் வேண்டுமென்றால் கோவையில் விசாரித்துப் பாருங்கள். இவை பருவோடு சேர்ந்த வீக்கத்துக்கு நல்லவை. ஆனால் எட்டுப் பன்னிரண்டு வாரம் ஆகும். ஊருக்கு வந்த இடத்தில் புதிதாக அசெலாயிக் தொடங்கினால் முதல் வாரங்களின் எரிச்சல்தான் மிஞ்சும். இருக்கிற நாட்களுக்கு வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும், துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள எஸ்.பி.எஃப் 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும் போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து பிரிமோனிடின் ஜெல்லைக் கொண்டுவருகிறவர்கள் டாக்டர் சீட்டில் பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள், இங்கே அந்த பிராண்டு யாருக்கும் தெரியாது. கல்யாணத்தன்று காலையில் முதல்முறையாகப் பூசவேண்டாம். சிலருக்கு மருந்தின் வேகம் அடங்கும்போது முன்பைவிட அதிகமாகச் சிவக்கும், சிலருக்குப் பூசிய சில மணியிலேயே அப்படி ஆகும். மாநிறத்தில் பூசிய இடம் மட்டும் சாம்பல் பூத்தது போலவும் தெரியலாம். ஒரு வாரம் முன்பே தாடையோரம் பட்டாணியளவு பூசிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் நெற்றி, மூக்கு, தாடை, இரு கன்னம் என ஐந்து இடத்தில் பட்டாணியளவு வைத்து மெல்லியதாகப் பரப்பி, காய்ந்தபின் சன்ஸ்கிரீன் போடுங்கள். நாளுக்கு ஒருமுறைதான். ரத்த அழுத்த மாத்திரை, குறிப்பாக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவேண்டாம். பூசியதும் கையைக் கழுவி, டியூபைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஆய்வின்போதே ஒரு வீட்டில் சின்னக் குழந்தைகள் அந்த ஜெல்லை வாயில் வைத்து ஆபத்தான நிலைக்குப் போயிருக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டு அலமாரி வாண்டுகளுக்கு எட்டாத இடமல்ல.