கையெழுத்து யாருடையது? கண்காணிப்புக்கான நான்கு வழிகளும் கொழும்பும்

அம்மாவின் அலுமாரியில் நகைப் பெட்டிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதற்குள் நான்காக மடித்த, வீட்டாரைப் பொலிஸில் பதிந்த தாள்கள். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். வீட்டிலுள்ளவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம் எனக் கட்டங்கள். கீழே பொலிஸ் முத்திரை. 2008ஆம் ஆண்டுத் தாளின் கடைசி வரியில் அம்மாவின் எழுத்தில் மாமாவின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. வவுனியாவிலிருந்து வந்திருந்தார். காரணம் என்ற கட்டத்தில் "கண் சத்திரசிகிச்சை" என்று இருக்கிறது. தாளை வாங்கிய அதிகாரி, "எப்போது திரும்பிப் போகிறார்?" என்று கேட்டு ஓரத்தில் ஒரு திகதியைக் குறித்தார். அந்தத் திகதிக்கு மறுநாள் காலையில் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். மாமாவின் கண்கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. கட்டையும் மருத்துவரின் துண்டையும் காட்டிய பிறகு, முதல் திகதியை வெட்டிவிட்டு இரண்டாவது திகதி எழுதப்பட்டது. அந்த இரண்டு திகதிகளும் தாளின் ஓரத்தில் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

நாட்டின் பாதுகாப்பா, மனிதரின் உரிமையா என்று பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. அதேவேளை இன்னொன்றையும் மறக்க முடியாது. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கி தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் தெஹிவளையில் ரயிலுக்குள் குண்டு வெடித்தது. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் இறந்தார்கள். குண்டுக்கு அஞ்சி வாழ்ந்த ஊர் இது. அந்த அச்சத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற பேதம் இருக்கவில்லை. அரசு எவரையும் எப்போதும் கண்காணிக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். யாருடைய கையெழுத்தின் பேரில் கண்காணிக்கிறது, கண்காணிக்கப்பட்டவருக்கு அது என்றாவது தெரியவருமா என்பதுதான் என் கேள்வி. உலகில் இதற்கு நடைமுறையில் உள்ள நான்கு வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அமைச்சரின் கையெழுத்து

எங்களுக்கு மிகவும் பழக்கமான வழி இது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயருடன் மூன்று ஆண்டுகளுக்கென்று வந்தது. 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. பெயரில் "தற்காலிக" என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. அதன் 6ஆம் பிரிவின்படி, நீதவானின் ஆணை இல்லாமலே வீட்டுக்குள் நுழையலாம், தேடலாம், எந்த ஆவணத்தையும் பொருளையும் கைப்பற்றலாம். 9ஆம் பிரிவின்படி, அமைச்சர் ஒப்பமிட்டால் மூன்று மூன்று மாதங்களாகத் தடுத்து வைக்கலாம். இதற்கு 18 மாதங்களாக இருந்த உச்சவரம்பை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 12 மாதங்களாகக் குறைத்தது. குறைந்தது மாதங்களின் எண்ணிக்கைதான், ஒப்பமிடும் கை மாறவில்லை.

இந்த வழியை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் வேகம். நள்ளிரவிலும் அமைச்சர் ஒப்பமிடலாம்; அவர் பாராளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்; நீதிபதிகளுக்குப் புலனாய்வு விளங்காது என்பார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் நடந்ததை அருகே வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தகவல் வந்துவிட்டது. தாக்குதலை வழிநடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் அதில் இருந்தது. தேவாலயங்கள் இலக்கு என்பதும் இருந்தது. அதற்கு முன்பே, ஜனவரியில், புத்தளம் மாவட்டத்து வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. பதினேழு நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டித் தேவாலயத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பு ஹோட்டல்களிலுமாக 260க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒட்டுக்கேட்கும் அதிகாரம் போதாததால் இது நடக்கவில்லை. கேட்டது கையில் இருந்தது. மேசைகளைத் தாண்டி அது போய்ச் சேரவில்லை. 2023 ஜனவரி 12 அன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட ஆயம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ் மா அதிபர், அரச புலனாய்வுச் சேவையின் தலைவர், பாதுகாப்புச் செயலாளர் ஆகிய பதவிகளில் அன்று இருந்தவர்களும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தப் பணிக்கப்பட்டார்கள்.

தாக்குதலுக்குப் பிந்திய காலத்தில் அதே சட்டம் யார்மீது பாய்ந்தது? மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைது செய்யப்பட்டார். அவர் தமிழில் எழுதிய கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்தத் தொகுப்பிலேயே இருந்தன. பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். வழக்கிலிருந்து விடுதலை 2023 டிசம்பரில். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்தக் கவிதைகளை நிதானமாக ஒருமுறை வாசித்திருந்தால் போதும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இந்தியாவிலும் அடிப்படையில் இதே வழிதான். அங்கே ஒப்பமிடுபவர் உள்துறைச் செயலாளர். 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரம்புகள் விதித்து, அதிகாரிகளைக் கொண்ட மறுஆய்வுக் குழு ஒன்றையும் வகுத்தது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு எழுதியதைப் பாருங்கள்: இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் அந்த மறுஆய்வுக் குழு, ஒரே கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசு அரசையே மேற்பார்வை செய்தால் கோப்புகளை எண்ணுவதற்குக்கூட நேரம் இருக்காது.

நீதவானின் ஆணை

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த வழியும் எங்கள் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான விசாரணை ஒன்றுக்காகச் சந்தாதாரர் விபரங்களைப் பெறவோ தகவல் தொடர்பை இடைமறிக்கவோ நீதவானிடம் ஆணை கேட்கச் சொல்கிறது. அதாவது, வங்கிக் கணக்கைக் களவாடியவனின் தொலைபேசியைக் கேட்க நீதவான் முன்னால் போய் நிற்க வேண்டும். பயங்கரவாதம் என்ற சொல்லை எழுதிவிட்டால் வீட்டுக் கதவைத் திறந்து தொலைபேசியையே எடுத்துப் போக எவர் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. எங்கள் சட்டங்களின் இந்த முரண்பாட்டை எத்தனை பேர் கவனித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

நீதவான் முன் போவதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஏன் இந்த இலக்கம், எத்தனை நாட்களுக்கு, எந்தக் குற்றத்துக்காக என்று எழுதியாக வேண்டும். எழுதும்போதே பாதிச் சந்தேகங்கள் உதிர்ந்துபோகும். குறையும் உண்டு. அவசரம், இரகசியம், சாட்சியம் அழிந்துவிடும் அபாயம் ஆகியவற்றைக் காட்டி ஆணையின்றியே செயற்பட அதே பிரிவு இடம் வைத்திருக்கிறது. தவிர, கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குகள் எந்த வேகத்தில் அழைக்கப்படுகின்றன என்று. அந்த அவசரத்தில் வைக்கப்படும் கையெழுத்து முத்திரை குத்துவதைப்போல் ஆகிவிடக்கூடும். பயங்கரவாத விசாரணைகளுக்கு, நீதவானுக்கு அடுத்த படியிலுள்ள மேல் நீதிமன்றத்தின் நீதிபதியே பொருத்தம் என்று நான் கருதுவது இதனால்தான்.

இரட்டைப் பூட்டு

பிரித்தானியா 2016இல் இயற்றிய புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்தில் இரண்டையும் சேர்த்தது. முதலில் அமைச்சர் ஒப்பமிட வேண்டும். பிறகு உயர் நீதிப் பதவி வகித்த ஆணையாளர் ஒருவர் அதை ஏற்க வேண்டும். அவசரமென்றால் அமைச்சரின் ஒப்பத்தோடு தொடங்கலாம்; ஆனால் மூன்று வேலை நாட்களுக்குள் நீதித்துறை ஆணையாளர் ஏற்காவிட்டால் நிறுத்த வேண்டும். முறைப்பாடு செய்யத் தனித் தீர்ப்பாயம் உண்டு.

இந்த ஏற்பாட்டின் அழகு எனக்குப் பிடித்திருக்கிறது. அரசியல் பொறுப்பும் சட்டப் பொறுப்பும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. நாளை தவறென்று தெரிந்தால் இருவரும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதே சட்டம் மொத்தம் மொத்தமாகத் தகவல் சேகரிக்கும் அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது. அதற்கு முந்திய பிரித்தானிய ஏற்பாடு தனியுரிமையை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேராயம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது. சுயாதீனமான முன் அனுமதி இல்லாமல் இருந்தது அதற்கான காரணங்களுள் ஒன்று. பூட்டு இரண்டாக இருந்தாலும் உள்ளே ஊர் முழுவதையும் அடைத்துவிட்டால் பயன் குறைவு.

இரகசிய நீதிமன்றம்

அமெரிக்காவின் வழியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். எங்களுக்கு அது உதவாது. உளவு அமைப்புகள் சொந்தக் குடிமக்களையே வேவு பார்த்ததை 1975இல் செனட்டர் பிராங்க் சர்ச்சின் குழு அம்பலப்படுத்திய பிறகு, 1978இல் ஒரு சிறப்பு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. அங்கே பெரும்பாலும் அரசுத் தரப்பு மட்டுமே பேசும். 1979 முதல் 2012 வரை 33,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின, மறுக்கப்பட்டவை 11. கோடிக்கணக்கானோரின் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டவும் அதே நீதிமன்றம் அனுமதித்திருந்தது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால்தான் உலகம் அதை அறிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் சொந்த மேற்பார்வைச் சபையே அந்தத் திட்டத்தை ஆராய்ந்து, பயங்கரவாத விசாரணை எதன் முடிவிலும் அது குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தியதாகக் காண முடியவில்லை என்று எழுதியது. எல்லாரையும் எழுதி வைத்தால் ஒருவன் அகப்படுவான் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் கண்டதில்லை.

அறியாதவர் எப்படி முறையிடுவார்?

நான்கிலும் எதைத் தேர்வேன்? மேல் நீதிமன்ற நீதிபதியைச் சேர்த்த இரட்டைப் பூட்டை. பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும். நீதிமன்றம் மெதுவானது என்ற வாதத்துக்குக் கொழும்பின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 2007 ஜூன் 7 அதிகாலையில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறு பேருக்கும் மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற ஆய்வு அமைப்பு மனுவுடன் உயர் நீதிமன்றம் சென்றது. மறுநாளே இடைக்காலத் தடை வந்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஒரே நாளில் நீதிமன்றத்தால் அவ்வளவு முடிந்தது.

அன்று அது முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பஸ்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஏற்றப்பட்டவர்கள் உறவினர்களை அழைத்துச் சொன்னார்கள். ஒட்டுக்கேட்பில் அப்படி எதுவும் தெரியாது. எங்கள் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். தன் தொலைபேசி கேட்கப்பட்டது என்பதையே அறியாதவர் எந்த மாதத்துக்குள் போவார்? போதாததற்கு, தனியுரிமை எங்கள் அரசியலமைப்பில் தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவும் இல்லை; இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் அங்கே அதை அடிப்படை உரிமையாக அறிவித்துவிட்டார்கள். 2022இல் நாங்கள் இயற்றிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தேசியப் பாதுகாப்புக்கு விதிவிலக்கு உண்டு.

ஜெர்மனியிடமிருந்து ஒன்றை நாம் எடுக்கலாம். அங்கே கண்காணிப்பு முடிந்து, விசாரணைக்குப் பாதிப்பில்லை என்றான பிறகு, கண்காணிக்கப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். "இந்தக் காலத்தில் உங்கள் உரையாடல்கள் கேட்கப்பட்டன" என்று ஒரு கடிதம் வரும். குற்றமற்றவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் போடலாம். கேட்ட அதிகாரிக்கும், ஒருநாள் அந்தக் கடிதம் போகும் என்று முதல் நாளிலிருந்தே தெரியும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018இலும் 2023இலும் சட்டமூலங்கள் வர்த்தமானியில் வந்தபோது வாதம் பெரும்பாலும் தடுப்புக்காவலின் மாதங்களைப் பற்றியே சுழன்றது. மாதங்கள் முக்கியம்தான். ஆனால் அடுத்த வரைவு எப்போது வந்தாலும் நான் முதலில் தேடப்போவது இந்தக் கடிதத்துக்கான பிரிவைத்தான்; கூடவே, அது அனுப்பப்பட்ட நாளிலிருந்தே 126ஆம் உறுப்புரையின் ஒரு மாதம் எண்ணப்படும் என்ற ஒரு வரியையும்.

அம்மாவிடம் அந்தத் தாள்களை இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "நாங்கள் என்ன எழுதிக் கொடுத்தோம் என்று எங்களிடமும் ஒன்று இருக்க வேண்டாமா?" என்றார். இன்று எங்கள் தொலைபேசிகளிலிருந்து எடுக்கப்படக்கூடியவற்றுக்கு அப்படி ஒரு பிரதி எங்கள் வீட்டு அலுமாரி எதிலும் இல்லை.