வேன் கூரை ஒழுகினால்: சிலிக்கானா, பியூட்டைல் டேப்பா?

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டும் குமரி மாவட்டத்தை விடுவதில்லை. போன ஆனியில் நாகர்கோவிலில் நிறுத்தியிருந்த எங்கள் கேம்பர் வேனில் மெத்தையின் ஓரம் நனைந்திருந்தது. ஒழுகிய இடமோ இரண்டடி தள்ளி, கூரை ஜன்னல் சட்டத்தின் ஸ்க்ரூ ஓட்டை. தண்ணீர் உள்கூரைப் பலகைக்கு மேலேயே ஓடி வந்து சொட்டியிருக்கிறது. ஹோஸை கீழிருந்து மேலாக, நிதானமாகப் பிடியுங்கள், இடம் சிக்கும்.

சிலிக்கான், அதாவது ட்யூபிலிருந்து பிதுக்கிப் பூசும் அடைப்புப் பசை, அவசரத்துக்கு உதவும். ஆனால் பழையதன் மேல் புதுசு சரியாக ஒட்டாது, முழுக்கச் சுரண்டணும். வினிகர் வாசனை அடிக்கும் வகை உலோகத்தையும் அரிக்கும். உப்புக்காற்று ஊரில் கேட்கவே வேண்டாம்.

பியூட்டைல் டேப் என்பது பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. அது இறுகிப்போகாது, வண்டி குலுங்கும்போது கூடவே நெளியும். சட்டத்தைக் கழற்றி, அடியில் வைத்து ஸ்க்ரூவை முறுக்கியபோது ஓரமெல்லாம் கறுப்பாகப் பிதுங்கி வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது. வேலை அதிகம்தான். இருந்தாலும் நான் டேப் பக்கம்.