தாடி சாப்பிடவில்லை: தீனியை மாற்றுவதா, விளக்கை மாற்றுவதா?

எங்கள் வீட்டில் வளரும் பியர்டட் டிராகனுக்கு, அதாவது பெரிய ஓணான் போன்ற பிராணிக்கு, பெயர் தாடி. திடீரென்று ஒருநாள் சில்வண்டைப் போட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மறுநாளும் அதே கதை. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா, "ஓணான்தானே தம்பி, பசிச்சா தானா திங்கும்" என்றார். பறவைத் தீனிக் கடைக்காரர் சூப்பர்வர்ம் என்ற கொழுத்த புழுவைப் போடச் சொன்னார். இன்னொரு நண்பர், வாயைத் திறந்து சிரிஞ்சில் ஊட்டிவிடு என்றார். பாதியைச் செய்து பார்த்துவிட்டேன், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது தீனியை மாற்றுவதுதான். சூப்பர்வர்மை நெளியவிட்டால் பல டிராகன்கள் மயங்கிவிடும், உண்மை. ஆனால் அதில் கொழுப்பு அதிகம். ருசி கண்டுவிட்டால் சில்வண்டைத் திரும்பிப் பார்க்காது. சில்வண்டு ஓடும், துரத்த வைக்கும். கால்சியம் தூளில் புரட்டிப் போடலாம். தின்னாமல் விட்டதை இரவில் கூண்டிலேயே விட்டுவிடக் கூடாது, தூங்கும் டிராகனையே கடித்துவிடும். கீரையென்றால் பசாரில் சாவி என்று விற்கும் கடுகு இனத்துக் கீரையைப் பொடியாக நறுக்கி, துருவிய பூசணியோடு கலந்து வைக்கலாம். பாயாம் என்று விற்கும் முளைக்கீரை வகையைத் தினமும் கொடுக்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்தடிக்காத செம்பருத்தி இதழ் நல்ல ஆசைத் தீனி. ஜன்னலோரம் பிடித்த பூச்சியை மட்டும் போடவே போடாதீர்கள். அமெரிக்காவில் ஒரே ஒரு மின்மினியைத் தின்று செத்த பியர்டட் டிராகன்கள் உண்டு. கோலசிலாங்கூருக்குப் போய் மின்மினி பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

தீனி மாற்றம் எனக்கு எத்தனை நாள் வேலை செய்தது? ஒன்றரை நாள். இரண்டு புழுவைத் தின்றது, பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. அப்போதுதான் விளக்கின் பக்கம் திரும்பினேன். முதலிலேயே திரும்பியிருக்க வேண்டும்.

நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். கோலாலம்பூரே கொதிக்கிறது, இதற்குத் தனியாகச் சூட்டு விளக்கு எதற்கு என்று நினைக்கிறோம். நமக்கு வியர்க்கும் 32 டிகிரி, நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்திலிருந்து வந்த இந்தப் பிராணிக்குப் போதாது. வளர்ந்த டிராகன் படுத்துச் சூடேறும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும். கூண்டின் மறு கோடி 25க்குப் பக்கத்தில். உடம்பு சூடாகாவிட்டால் குடல் வேலை செய்யாது, குடல் வேலை செய்யாவிட்டால் பசி வராது. தாடியின் கல்லை அளந்தபோது 33 காட்டியது. போதாக்குறைக்கு நாங்கள் பகலிலும் ஏர்கோன் போட்டு வைத்திருந்தோம். இன்னொன்று, கோவிட் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியால் கல்லை அளக்காதீர்கள். அது மனித உடம்புக்கென்று கணக்கை மாற்றிக் காட்டும். மேற்பரப்பை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வேறு. இரவில் மட்டும் நம் ஊர் வெப்பமே போதும், விளக்கை அணைத்துவிடலாம்.

சூட்டு விளக்கு வேறு, புற ஊதா பி கதிர் தரும் விளக்கு வேறு. அந்தக் கதிர் இல்லாமல் உடம்பில் டி வைட்டமின் உருவாகாது, கால்சியம் சேராது, எலும்பு மெலியும், சாப்பாடும் குறையும். சுருள் பல்பு மலிவு, ஆனால் கதிர் சின்ன வட்டத்துக்குள்தான் விழும். டி5 என்ற நீளமான மெல்லிய குழல் விளக்கில், புற ஊதா பி 10 முதல் 12 சதவீதம் என்று குறித்த வகையை வாங்கி, கூண்டின் பாதி நீளத்துக்காவது வெளிச்சம் படும்படி மாட்டினால் நிம்மதி. வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் குறைந்துகொண்டு வரும். ஏறக்குறைய ஒரு வருடத்தில் மாற்றிவிட வேண்டும். எங்களுடையதற்கு இரண்டு வயது, அதுவும் சுருள் பல்பு.

விளக்குக்குப் பதிலாக வெயில் போதாதா என்பார்கள். வெயிலுக்கு ஈடு எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக அந்தக் கதிர் வராது. கண்ணாடித் தொட்டியோடு வெளியே வைத்தால் சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகிவிடும். கம்பிக் கூண்டு வேண்டும், பாதி நிழல் வேண்டும், பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், ஏனென்றால் செந்தூல் காக்கைகளைப் பற்றித் தெரியாதவர் இல்லை. மலேசியக் கடிகாரப்படி உச்சி வெயில் ஒரு மணிக்கு மேல்தான் வருகிறது, அதனால் காலை ஒன்பதரை, பத்து மணிவாக்கில் அரை மணி நேரம் சரியாக இருக்கும். மேற்கு பார்த்த பால்கனிக்காரருக்கும், நவம்பர் மழைக்கும், புகைமூட்ட நாளுக்கும் வெயிலை நம்ப முடியாது. என் ஓட்டு குழல் விளக்குக்கு. வெயில் கூடுதல் வரவு.

வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் குளிப்பாட்டுவது மலம் இறங்க உதவும், கெடுதல் இல்லை, அவ்வளவுதான்.

சிரிஞ்சில் ஊட்டுவதை நான் கடைசியில் வைப்பேன். உடம்பு குளிர்ந்திருக்கும்போது ஊட்டினால் தீனி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். அவசரத்தில் மூச்சுக் குழாயில் போகலாம். எலும்பு மெலிந்திருந்தால் தாடையே உடையலாம். மருத்துவர் பார்த்து அளவு சொன்ன பிறகு செய்தால் அது உயிரைக் காக்கும் வைத்தியம், நாமாகச் செய்தால் சூதாட்டம்.

எதிர்வீட்டு அக்கா சொன்ன 'காத்திருப்பது'? குளிர்கால உறக்கம் என்று ஒன்று உண்டு, ஒரு வயது தாண்டிய டிராகன் வாரக்கணக்கில் சாப்பிடாமல் தூங்கும். நம் ஊரில் குளிர்காலமும் இல்லை, பகல் நேரமும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், ஆனாலும் சில டிராகன்கள் தூங்கத்தான் செய்கின்றன. வித்தியாசத்தைத் தராசு சொல்லும். தூங்கும் டிராகனின் எடை பெரிதாகக் குறையாது. சமையல் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். தாடியின் வழக்கமான எடை 410 கிராம். பத்தில் ஒரு பங்கு இறங்கினால், கை கால் நடுங்கினால், கண் குழி விழுந்தால், கழுத்தடித் தோல் ஓயாமல் கறுத்துக் கிடந்தால் காத்திருக்கும் பேச்சே கிடையாது. குட்டியென்றால் இரண்டு மூன்று நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எல்லாக் கிளினிக்கும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை, கேட்டுவிட்டுப் போங்கள். அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போனால் ஒட்டுண்ணிச் சோதனை அங்கேயே ஆகிவிடும். கடையில் குடல் புழு மருந்து வாங்கிக் குத்துமதிப்பாக ஊற்றுவது வேண்டவே வேண்டாம்.

தாடிக்கு விளக்குக் குறை, ஒட்டுண்ணி இரண்டும் இருந்தது. விளக்கை மாற்றி, கல்லை 40 டிகிரிக்குக் கொண்டுவந்த ஐந்தாம் நாள் மூன்று சில்வண்டு தின்றது, ஆனால் பழைய வேகம் இல்லை. மலச் சோதனையில் குடல் புழு தெரிந்தது. மருந்து முடிந்த பிறகுதான் தட்டு காலியாகத் தொடங்கியது. இப்போது எதிர்வீட்டு அக்கா வாரம் ஒருமுறை தன் தொட்டிச் செடியில் பறித்த செம்பருத்தியோடு கதவைத் தட்டுகிறார். "மருந்தடிக்காத பூதான் தம்பி, ஓணானுக்குக் குடு."