கட்டைவிரல் இசிஜி: குடும்ப மருத்துவரின் மேசையில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

படபடப்பு என்று வருபவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் நேரம் பார்த்துப் படபடப்பு காணாமல் போயிருக்கும். கையடக்க இசிஜி (இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரையும்) கருவிகள் வந்ததே இந்தச் சிக்கலுக்காகத்தான். விரல் நீளத்தில் ஒரு பட்டை, அதில் உலோகத் தகடுகள், 30 விநாடிப் பதிவு. தொந்தரவு வரும்போதே வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கருவி நல்ல கருவி. ஒவ்வொரு பதிவின் தலையிலும் அது எழுதித் தரும் ஒரு வரித் தீர்ப்புதான் அரைகுறை. அதைப் படித்ததோடு மருந்து எழுதுகிற மருத்துவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கீழே உள்ள கோட்டையும் உட்கார்ந்து படிப்பவருக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

அதிகம் புழங்குவது அலைவ்கோர் நிறுவனத்தின் கார்டியாமொபைல். அதன் பழைய வகையில் இரண்டு தகடுகள். இரண்டு கை விரல்களையும் வைத்தால் கிடைப்பது லீட் 1 மட்டும். லீட் என்பது இதயத்தின் மின்சாரத்தை ஒரு குறிப்பிட்ட கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு. ப்ளூடூத் கிடையாது. காதுக்கு எட்டாத உயர் ஒலியாகப் பதிவை அனுப்பும், அதைப் போனின் மைக் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே கருவி மைக்கிலிருந்து ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். போனின் உறை மைக் துளையை மூடியிருக்கக் கூடாது. ஹெட்செட் இணைப்பில் இருக்கக் கூடாது. பதிவு பாதியில் அறுந்தால் கருவியைத் திட்டுவதற்கு முன் உறையைக் கழற்றிப் பாருங்கள்.

2019-இல் வந்த 6எல் வகை ப்ளூடூத்துக்கு மாறிவிட்டது. மேலே இரண்டு தகடு, அடியில் ஒன்று. கட்டைவிரல்கள் மேலே, அடித்தகடு இடது முழங்காலிலோ கணுக்காலின் உட்புறத்திலோ வெறுந்தோலில் படவேண்டும். துணிமேல் வைத்தால் ஒன்றும் வராது. சரியாக வைத்தால் லீட் 1, 2, 3, ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என ஆறும் ஒரே நேரத்தில் வரும். இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீரில் அமிழ்த்தி இசிஜியின் முன்னோடி ஐந்தோவன் எடுத்த அதே முக்கோணம்தான். வாளிகள் மட்டும் இல்லை.

மருத்துவமனை மேசைக்கு வாங்குவதென்றால் 6எல் வாங்குங்கள். காரணம் பி அலை, அதாவது இதயத்தின் மேலறைகள் சுருங்கும்முன் எழும் சின்ன மேடு. லீட் 1-இல் பி அலை பலருக்கு அரை மில்லிமீட்டர்தான் எழும். கை லேசாக நடுங்கினாலே அதில் அமுங்கிப்போகும். லீட் 2-இல் அது நன்றாக நிமிர்ந்து நிற்கும். பழைய வகை வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு: வலது கை விரல்கள் வலது தகட்டில், இடது தகடு இடது முழங்காலில். அவ்வளவுதான், லீட் 2 வந்துவிடும். எப்படி எடுத்தது என்பதைப் பதிவின் குறிப்பில் எழுதிவைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்த முறை பார்ப்பவர் இதை லீட் 1 என்று எண்ணிக் குழம்புவார்.

பதிவு கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். உலர்ந்த விரல் முதலாவது: கோடு முழுக்கப் புல் முளைத்ததுபோல் இருக்கும். விரல்களையும் தகடுகளையும் லேசாக ஈரப்படுத்தினால் போதும். கருவியை இறுகப் பிடிப்பது இரண்டாவது. பிடி இறுகினால் முன்கைத் தசையின் மின்சாரமும் பதிவாகும். முன்கைகளை மேசையில் கிடத்தி, விரல்களைச் சும்மா வைத்தால் கோடு அமைதியாகும். மூன்றாவது, ஒரு கை விரல் மறு கையைத் தொடுவது. குறிகையை அது விழுங்கிவிடும். இவை தவிர, மின்கம்பி இரைச்சலுக்கான வடிகட்டி செயலியின் அமைப்பில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். உங்கள் ஊர் மின்சாரத்துக்குப் பொருந்தாததைத் தேர்ந்திருந்தால் கோடு தடித்து, சீரான ரம்பப்பல் போல வரும்.

கருவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் லீட் 1-இல் எல்லாமே குப்புற விழுந்திருக்கும். பி அலையும் க்யூஆர்எஸும் (கீழறைகள் சுருங்கும்போது எழும் கூர்முனை) சேர்ந்து கவிழ்ந்திருந்தால் நோயைத் தேடாமல் கருவியின் திசையைக் கேளுங்கள். 6எல்லில் இதே தவறு நடந்தால் லீட் 2-உம் 3-உம் இடம் மாறியும் நிற்கும். செயலியிலேயே படத்தைத் திருப்பிக்கொள்ள வசதி உண்டு.

இனி படிப்பது. வழக்கமான இசிஜி போலவே விநாடிக்கு 25 மி.மீ., மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. சின்னக் கட்டம் 0.04 விநாடி, பெரிய கட்டம் 0.2 விநாடி. அச்செடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்று கொடுத்தால் படம் சுருங்கும். ஆகவே ஸ்கேலால் அளக்காமல் கட்டத்தை எண்ணுங்கள். 30 விநாடியில் விழும் க்யூஆர்எஸ்களை எண்ணி இரண்டால் பெருக்கினால் நிமிடத் துடிப்பு. துடிப்பு ஒழுங்கில்லாதபோது இந்த எண்ணிக்கைதான் நம்பகமானது. இரண்டு ஆர்களுக்கு (க்யூஆர்எஸின் உச்சி) நடுவே உள்ள பெரிய கட்டங்களால் 300-ஐ வகுக்கும் குறுக்குவழி அங்கே ஏமாற்றும்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளின் ஓரத்தை ஆர் முனைகளுக்குக் கீழே வைத்து, நான்கைந்து முனைகளைப் பென்சிலால் குறியுங்கள். தாளை ஒரு துடிப்பு தள்ளி வையுங்கள். குறிகள் மறுபடி பொருந்தினால் சீரான துடிப்பு. எங்கே வைத்தாலும் ஒன்றுகூடப் பொருந்தவில்லை, திரும்பத் திரும்ப வரும் பி அலையும் காணோம் என்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மேலறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் நோய். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டி, ஒற்றை லீட் பதிவில் இந்த இரண்டும் 30 விநாடியாவது இருந்தால் அந்த நோயை உறுதிசெய்ய ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதை ஒரு மருத்துவர் படித்திருக்க வேண்டும். செயலியின் வரி போதாது.

குறிகள் பெரும்பாலும் பொருந்தி, ஒன்றிரண்டு மட்டும் முந்திக்கொண்டு வந்தால் அது எக்டோபிக் துடிப்பு, வழக்கமான இடத்தில் பிறக்காத துடிப்பு. செயலி அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். அதிலும் கள்ளத்தனமானது ஒன்று உண்டு. சீராக ஓடும் கோட்டில் திடீரென்று ஓர் இடைவெளி. பார்த்தவுடன் துடிப்பு நின்றதுபோல் தோன்றும். இடைவெளிக்கு முந்தைய டி அலையை (க்யூஆர்எஸுக்குப் பின் வரும் மேடு) மற்ற டி அலைகளோடு ஒப்பிடுங்கள். அது மட்டும் கொஞ்சம் கூராகவோ திமில் விழுந்தோ இருந்தால், உள்ளே ஒரு பி அலை ஒளிந்திருக்கிறது. சீக்கிரமே வந்து, கீழே இறங்க வழியில்லாமல் அடைபட்ட ஏட்ரியல் எக்டோபிக் அது. பேஸ்மேக்கர் பேச்சுக்கு இங்கே வேலையில்லை.

நடுக்கம் இன்னொரு பொறி. பார்க்கின்சன் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 6 தடவை. விநாடிக்கு 5 என்றால் நிமிடத்துக்கு 300. ஏட்ரியல் ஃப்ளட்டரின் (மேலறைகள் சீராக, ஆனால் மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு) அலைகளும் ஏறக்குறைய அதே வேகம்தான்! படம் அச்சு அசலாக ஃப்ளட்டர் போலவே வரும். கருவியை நெஞ்சில் வைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள். அலைகள் காணாமல் போனால் அது கையின் வேலை.

நேரெதிர்ப் பிழையும் உண்டு. நிமிடத்துக்கு 150-ஐ ஒட்டி, அசையாமல் சீராக ஓடும் துடிப்பைச் செயலி ஃப்ளட்டர் என்று பெயரிட்டுச் சொல்லாது. 2:1 ஃப்ளட்டராக, அதாவது மேலறையின் இரண்டு துடிப்பில் ஒன்று மட்டும் கீழறைக்கு இறங்குவதாக, இருக்கலாம். மருத்துவமனையின் முழு 12-லீட் இசிஜி எடுத்தாக வேண்டும். இயல்பு என்ற தீர்ப்போ 50-க்கும் 100-க்கும் இடைப்பட்ட துடிப்புக்கு மட்டும். வகைப்படுத்த முடியவில்லை என்று வருவதைக் கோளாறு என்று எண்ணி நோயாளி பயப்படுவார். பெரும்பாலும் அது எக்டோபிக்காகவோ அகன்ற க்யூஆர்எஸ்ஸாகவோ இருக்கும். க்யூஆர்எஸ் மூன்று சின்னக் கட்டத்துக்கு மேல் அகன்று, வேகமாகவும் ஓடினால் மட்டும் தாளும் பென்சிலும் வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

மருத்துவரின் கண்ணும் பிழையற்றதல்ல. 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், 12-லீட் தாளைப் படித்த குடும்ப மருத்துவர்கள் 99 ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் 79-ஐத்தான் கண்டுபிடித்தார்கள். நோயில்லாத 1355 பதிவுகளில் 114-ஐ நோய் என்றார்கள். மென்பொருளையும் சேர்த்துப் படித்தபோது பிடிபட்டவை 80 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக ஏறின. ஆகவே செயலியின் வரியை எறிந்துவிடவும் தேவையில்லை. அதை ஒரு கையால் மறைத்து, கோட்டைப் படித்து, பிறகு கையை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் 12-லீட்.

ஒரு பதிவு சுத்தமாக இருந்தால் நோயில்லை என்று அர்த்தமில்லை. இது வந்து வந்து போகும் நோய். 2017-இல் வெளியான ரிஹர்ஸ்-ஏஎஃப் ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட 1001 பேர். ஒரு பாதியினர் வாரத்துக்கு இரண்டு முறை, ஓராண்டு முழுக்க இந்தக் கருவியில் பதிவுசெய்தார்கள். அவர்களில் 19 பேருக்கும், வழக்கமான கவனிப்பில் இருந்த மறுபாதியில் 5 பேருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் பிடிபட்டது. நோயாளிக்குச் சொல்ல வேண்டியது: வாரம் இரண்டு, தொந்தரவு வரும்போது கூடுதலாக ஒன்று. மணிக்கொரு தரம் எடுப்பவருக்குக் கவலைதான் மிச்சம்.

அனுப்பும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டில் சில விநாடிகளே இருக்கும். வேகம், அளவு, நேரம் எதுவும் இருக்காது. முழு 30 விநாடியும் உள்ள பிடிஎஃப் வேண்டும். சந்தா கட்டினால் செயலி கூடுதல் தீர்ப்புகளும் தரும். கோட்டைப் படிக்கிற மருத்துவருக்கு அதற்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

நெஞ்சுவலிக்கு இது எந்த வகையிலும் உதவாது. மாரடைப்பு காட்டும் மார்பு லீட்கள் 6எல்லிலும் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் செயலியின் தீர்ப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேஸ்மேக்கரின் துடிப்புக்கோடு வடிகட்டியில் மறைந்துபோகலாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொருவருக்கும் பிறகு ஆல்கஹால் துணியால் தகட்டைத் துடையுங்கள். உள்ளே இருப்பது சிஆர்2016 பொத்தான் பேட்டரி. மேசை இழுப்பறையில் ஒன்று உபரியாக, குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.