தக்கலைப் பணிமனையில் வாட்டர் பம்ப் மாற்றியது பற்றி

தக்கலையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிறிய பணிமனையில் எங்கள் காரின் வாட்டர் பம்பை, அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தைச் சுழலவிடும் பம்பை, மாற்றினோம். காரணத்தைக் கண்டறிந்த பிறகே ஸ்பானரை எடுக்கும் இடம் என்பதால் அதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

பேச்சிப்பாறை ஏற்றத்தில் வெப்பநிலை முள் உயர்ந்ததைக் கேட்டு, ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்று வேறோர் இடத்தில் கூறியிருந்தார்கள். இங்குள்ள மூத்த மெக்கானிக்கோ, இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, அழுத்தச் சோதனை செய்து, பம்பின் கசிவுத் துளையைச் சுற்றி, கூலன்ட் கசிந்து படிந்திருந்த பச்சைக் கறையை டார்ச் அடித்துக் காட்டினார். பெல்ட்டைக் கழற்றி, பம்பைச் சுழற்றும் சக்கரமான புல்லியைக் கையால் அசைத்தபோது அது ஆடியது. பேரிங் தேய்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. இன்ஜின் வால்வுகளின் இயக்கத்தை ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட்டாலேயே பம்ப் இயங்கும் கார்களில் இரண்டையும் சேர்த்து மாற்றினால் கூலி மிச்சமாகும் என்றும், எங்கள் காருக்கு அது பொருந்தாது என்றும் அவரே விளக்கினார்.

இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டின் துணுக்குகளைக் கீறல் விழாமல் சுரண்டி எடுத்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முறுக்கினார்கள். கடலோரக் கிணற்று நீரின் உப்பு அலுமினியத்தை அரிக்கும் என்பதால், கூலன்ட்டுடன் காய்ச்சி வடித்த நீரையே சம அளவில் கலந்து நிரப்பி, காற்றுக்குமிழ்கள் வெளியேறி ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை இன்ஜினை ஓடவிட்ட பொறுமை பாராட்டுக்குரியது.

பில்லில் உதிரிபாக எண்ணும் உத்தரவாதக் காலமும் இல்லாதது குறை. கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள். கழற்றிய பழைய பம்பை மட்டும் கேட்காமலேயே ஒப்படைத்தார்கள்.