கிருஷ்ணகிரியில் கிதாருக்கு ட்ரெமோலோ பிரிட்ஜ் மாற்றக் கொடுக்கும் முன்

கடைப் பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு நடந்தது கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கிதார் வைத்திருக்கும் யாருக்கும் நடக்கக் கூடாது.

என்னுடையது ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிதார், ஆறு ஸ்க்ரூவில் நிற்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ். அதாவது ஸ்ட்ரிங்குகள் மாட்டியிருக்கும் தட்டு, அதிலுள்ள பார் என்ற கம்பியை அழுத்தினால் தட்டு சாய்ந்து சுருதி இறங்கும். சேடில்கள் (ஸ்ட்ரிங் உட்காரும் சின்னத் துண்டுகள்) துருப்பிடித்ததால் புது பிரிட்ஜ் கேட்டேன். "எல்லாம் ஒரே அளவுதான் தம்பி, சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்றார் கடைக்காரர். ஒரே அளவு இல்லவே இல்லை! இந்த ஓர ஸ்க்ரூவின் நடுவிலிருந்து அந்த ஓர ஸ்க்ரூவின் நடுவரை அளந்தால் சிலதில் 56 மி.மீ. வரும், சிலதில் 52.5. என் கிதாரின் துளைகள் 52.5, அவர் மாட்டியதோ 56. பொருந்தவில்லை என்றதும் பழைய துளைகளில் தீக்குச்சியை உடைத்துச் செருகி, அவற்றுக்குப் பக்கத்திலேயே புதுசாக டிரில் போட்டிருக்கிறார். ஓரத்தில் பழைய துளையின் நடுவுக்கும் புதுத் துளையின் நடுவுக்கும் இடையே 2 மி.மீ. கூட இல்லை, அதனால் புதுத் துளைக்கு ஒரு பக்கச் சுவரே தீக்குச்சிதான்.

காவேரிப்பட்டணம் வீட்டுக்கு வந்து ட்யூன் செய்து பாரை ஒருமுறை அழுத்தினேன், ஆறு ஸ்ட்ரிங்கும் சுருதி விலகிவிட்டது. ஸ்க்ரூ ஆறையும் தட்டோடு ஒட்ட இறுக்கியிருந்தார், தட்டு சாய்வதற்கு இடமே இல்லை. ஆம்ப்பில் வேறு ஒரே இரைச்சல். கிதாரின் பின்மூடியைக் கழற்றினால், ஸ்பிரிங் மாட்டும் கொக்கித் தகட்டில் பற்றவைத்திருந்த எர்த் ஒயர் அறுந்து தொங்கியது.

திருப்பிக் கொண்டுபோனால் "நீங்க பாரை ரொம்ப ஆட்டிட்டீங்க" என்றார். கொடுத்த 2,200 ரூபாயில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. மனசு ஆறவே இல்லை.

கடைசியில் எங்கள் தெருத் தச்சர் அண்ணன்தான் காப்பாற்றினார். தீக்குச்சிகளை ஊசியால் கிளறி எடுத்து, துளைகளைச் சுத்தமாக அகலப்படுத்தி, தேக்கில் குச்சி சீவிப் பசை தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டார். அப்புறம் 52.5 அளவிலேயே வேறு பிரிட்ஜ் வாங்கி மாட்டினோம். ஸ்க்ரூக்களைத் தட்டு தாராளமாகச் சாயும் அளவுக்குத் தளர்த்தி, தட்டின் பின்பக்கம் 3 மி.மீ. போல மேலே நிற்கும்படி ஸ்பிரிங்கைச் சரிசெய்தேன். இப்போது சுருதி நிற்கிறது.

கொடுக்கும்போதே ஸ்கேல் வைத்து அளந்து காட்டுங்கள், கேட்காமல் டிரில் போடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பழைய பிரிட்ஜையும் கையோடு கேட்டு வாங்குங்கள். என்னுடையதைக் குப்பையில் போட்டுவிட்டாராம், அதன் அடியில் இருந்தது நல்ல கனமான இரும்பு பிளாக், அதாவது ஸ்பிரிங்குகளின் மறுமுனை மாட்டும் கட்டை.